ஓர் அளவீட்டை எந்த அளவுக்கு நம்பலாம்? தனி ஊசலை வைத்து ஒரு வழிகாட்டி

தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று வந்தால் அளவீடு நன்றாக அமைந்தது என்றும், 9.5 என்று வந்தால் எங்கோ தவறிவிட்டது என்றும்தான் பெரும்பாலான மாணவர்கள் முடிவு செய்கிறார்கள். விடை முன்பே தெரிந்த சோதனையில் இப்படி முடிவு செய்துவிடலாம். ஆனால் ஒரு கிணற்று நீரில் ஃபுளோரைடு எவ்வளவு இருக்கிறது என்றோ, புதிதாக வார்த்த ஓர் உலோகக் கலவையின் யங் குணகம் (இழுக்கும்போது நீளாமல் எதிர்த்து நிற்கும் தன்மையின் அளவு) என்ன என்றோ அளக்கும்போது, ஒத்துப் பார்ப்பதற்குப் பாடநூலின் கடைசிப் பக்கத்தில் விடை இருக்காது. அங்கே அளவீட்டின் தரத்தை அந்த அளவீட்டை எடுத்த முறையிலிருந்தே கணிக்க வேண்டும். அதற்கான வழிகளை, பள்ளி ஆய்வகத்தில் நுழைந்த எவருக்கும் தெரிந்த தனி ஊசலையே முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்க முயல்கிறேன்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்து அறிந்துகொள்வது நல்லது. ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப அளக்கும்போது கிடைக்கும் மதிப்புகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பது நுட்பம். அவை உண்மையான மதிப்புக்கு எவ்வளவு அருகில் இருக்கின்றன என்பது துல்லியத்தன்மை. ஒவ்வொரு முறையும் தவறாமல் 50 கிராம் கூடுதலாகக் காட்டும் மளிகைக் கடைத் தராசு நுட்பமானது, ஆனால் துல்லியமற்றது. நுட்பக் குறைவு அளவீடுகளின் சிதறலில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். துல்லியக் குறைவோ அப்படித் தானாக வெளிப்படாது. நாம்தான் அதைத் தேடிச் செல்ல வேண்டும். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்தினால், இனி வரும் செய்திகள் ஒவ்வொன்றும் இவ்விரண்டில் எதைச் சார்ந்தவை என்பது விளங்கும்.

எண்ணும் அதன் எல்லையும்

செல்பேசியில் உள்ள நிறுத்துக் கடிகாரம் ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு வரை காட்டுகிறது. அந்த இரண்டு தசம இலக்கங்களைக் கண்டதும், நம் அளவீடும் அவ்வளவு நுட்பமானது என்ற எண்ணம் நமக்கு வந்துவிடுகிறது. உண்மையில், கண் பார்த்து விரல் அழுத்துவதற்கு ஏறத்தாழ 0.2 நொடி ஆகிறது. தொடங்கும்போதும் முடிக்கும்போதும் இதே தாமதம் ஏற்படுவதால் பெரும்பகுதி ஒன்றையொன்று ஈடு செய்துவிடும் என்றாலும், 0.1 நொடி அளவுக்கு ஏற்ற இறக்கம் மிஞ்சவே செய்யும். ஆகவே கருவியின் மீச்சிற்றளவு (அது காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.01 நொடியாக இருந்தாலும், அந்த அளவீட்டின் நிச்சயமின்மை அதைப் போலப் பத்து மடங்கு. கருவியின் மீச்சிற்றளவையே பிழையாக எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடும் பழக்கம் நம் ஆய்வகங்களில் வேரூன்றியிருக்கிறது. முதலில் மாற வேண்டிய பழக்கம் இதுதான்.

ஒரு மீட்டர் நீள ஊசலின் அலைவு நேரம் ஏறத்தாழ 2 நொடி. ஒரே ஓர் அலைவை மட்டும் அளந்தால் 0.1 நொடி என்பது 5 விழுக்காடு; முடுக்கத்தைக் கணக்கிடும்போது (முடுக்கம் = 4π² × நீளம் ÷ அலைவு நேரத்தின் இருமடி) அலைவு நேரத்தின் இருமடி வருவதால், விடையில் அது 10 விழுக்காடாகிறது. அதே 0.1 நொடியை 20 அலைவுகளின் மீது, அதாவது 40 நொடியின் மீது பரப்பினால் அலைவு நேரத்தில் 0.25 விழுக்காடாகவும் விடையில் 0.5 விழுக்காடாகவும் குறைந்துவிடுகிறது. கருவியை மாற்றாமல், அளக்கும் முறையை மாற்றியே தரம் இருபது மடங்கு உயர்ந்தது. அலைவுகளை எண்ணும் இடமும் முக்கியமானது. குண்டு ஒரு பக்கக் கோடியை அடையும் கணத்தைக் கொண்டு எண்ணுவது வசதியாகத் தோன்றும்; ஆனால் அங்கே குண்டு மெதுவாகத் தயங்கித் திரும்புவதால், எந்தக் கணத்தில் திரும்பியது என்று கண்ணால் உறுதியாகச் சொல்ல முடியாது. நடுநிலையில் அது மிகுந்த வேகத்துடன் கடப்பதால் கணம் கூர்மையாகத் தெரியும். தாங்கிக்குப் பின்னால் ஒரு குண்டூசியை நட்டு, நூல் அதைக் கடக்கும் கணத்தைக் கணக்கில் கொள்ளுங்கள்.

இப்போது, ஒரு மீட்டர் நீள ஊசலில் 20 அலைவுகளுக்கான நேரத்தை ஐந்து முறை அளந்து 40.22, 40.09, 40.31, 40.15, 40.18 நொடி என்று பெற்றதாகக் கொள்வோம். சராசரி 40.19 நொடி. ஒவ்வொரு மதிப்பும் சராசரியிலிருந்து விலகும் அளவை இருமடியாக்கிக் கூட்டி, அளவீடுகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் 0.08 நொடி. இது ஒரு தனி அளவீடு எவ்வளவு சிதறும் என்பதைச் சொல்கிறது. சராசரி எவ்வளவு உறுதியானது என்று அறிய, இதை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும், 0.04 நொடி கிடைக்கும். கணிப்பான் கையில் இல்லாத நேரத்தில், மிகப் பெரிய மதிப்புக்கும் மிகச் சிறிய மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிக்கையால் வகுத்தாலே போதும்: 0.22-ஐ 5-ஆல் வகுத்தால் 0.044. பத்துக்குக் குறைவான அளவீடுகளுக்கு இந்தக் குறுக்குவழி வியக்கத்தக்க அளவுக்குப் பொருந்தும்.

வர்க்கமூலத்தால் வகுக்கிறோம் என்பதில் ஒரு நடைமுறை உண்மை அடங்கியிருக்கிறது. சராசரியின் நிச்சயமின்மையைப் பாதியாக்க வேண்டுமானால் நான்கு மடங்கு அளவீடுகள் வேண்டும். பத்தில் ஒரு பங்காக்க நூறு மடங்கு வேண்டும். ஆகவே ஐந்து அல்லது பத்து முறைக்கு மேல் அதே வேலையைத் திரும்பச் செய்வதைவிட, அந்த நேரத்தை முறையைச் சீராக்குவதில் செலவிடுவது நல்லது.

நீளத்துக்கு வருவோம். நூல் பிளவுபட்ட தக்கையிலிருந்து வெளிவரும் இடம் முதல் குண்டின் மையம் வரை அளக்க வேண்டும். மையத்தைக் கண்ணால் குறிக்க முடியாது. தக்கையின் விளிம்பும் அவ்வளவு கூர்மையாக இருப்பதில்லை. எனவே மில்லிமீட்டர் கோடுகள் உள்ள அளவுகோலைப் பயன்படுத்தினாலும், 1.000 மீட்டர் என்ற நீளத்துக்கு 2 மில்லிமீட்டர், அதாவது 0.2 விழுக்காடு நிச்சயமின்மை கொடுப்பதே நேர்மை. அலைவு நேரத்தின் பங்கு 0.09 விழுக்காடு, இருமடியாவதால் 0.18. இவை இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்பதால் நேரடியாகக் கூட்டாமல், இருமடிகளைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கிறோம்: 0.27 விழுக்காடு. கணிப்பான் 9.7765 என்று காட்டும். 0.27 விழுக்காடு என்பது 0.03 என்பதால் இரண்டாவது தசம இடத்துக்குப் பிந்தைய இலக்கங்களுக்கு எந்தப் பொருளும் இல்லை. விடையை 9.78 ± 0.03 மீட்டர்/நொடி² என்று எழுத வேண்டும். சென்னையில் கடல் மட்டத்தில் உண்மையான மதிப்பு ஏறத்தாழ 9.78, துருவங்களில் 9.83. பாடநூலில் காணும் 9.8 ஒரு முழுமையாக்கிய எண் மட்டுமே என்பதை மறந்துவிட்டு, 9.78-ஐ 9.80 ஆக்க முயல்வது நல்ல அளவீட்டைக் கெடுப்பதாகும்.

திரும்ப அளந்தாலும் தெரியாத பிழை

1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10 அன்று, சென்னைப் பரங்கிமலைப் பகுதியில் நில அளவையாளர் வில்லியம் லாம்டன், மற்றத் தொலைவுகளைக் கணக்கிட அடிப்படையாக, ஏறத்தாழ 7.5 மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியாவின் மாபெரும் முக்கோண நில அளவைக்கு அதுவே தொடக்கம். அளக்கப் பயன்பட்டது 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. சென்னையின் சித்திரை வெயிலில் எஃகு நீளும். வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் அந்தச் சங்கிலி ஏறத்தாழ 3.5 மில்லிமீட்டர் நீளும். கண்ணுக்குத் தெரியாத நீட்சிதான். ஆனால் அந்தக் கோட்டின் மீது சங்கிலியை ஏறத்தாழ 400 முறை வைக்க வேண்டும். பிழை ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் சேர்ந்துகொண்டே போவதால், கோட்டின் முடிவில் அது 1.4 மீட்டராகிவிடும். அதே வெப்பத்தில் அதே சங்கிலியால் பத்து முறை திரும்ப அளந்தாலும், பத்து முறையும் ஏறத்தாழ ஒரே தவறான விடையே கிடைக்கும். சிதறல் குறைவாக இருப்பதைப் பார்த்து நாமும் மகிழ்ந்துபோவோம். லாம்டன் குழுவினர் சங்கிலியை நிழலில் வைத்து, வெப்பமானிகளால் வெப்பநிலையைக் குறித்து, அதற்கான திருத்தத்தைக் கணக்கில் சேர்த்தார்கள். நம் ஊர் மண்ணில் நடந்த இந்த வேலையை அளவீடு பற்றிய முதல் பாடமாகவே கற்பிக்கலாம் என்பது என் எண்ணம்.

இப்படி ஒரே திசையில் இழுக்கும் பிழைக்கு முறையான பிழை என்று பெயர். சராசரி எடுப்பதால் அது போகாது. அதைக் கண்டறிய ஒரே வழி, எதையாவது மாற்றிப் பார்ப்பதுதான்: வேறு கருவி, வேறு ஆள், வேறு நீளம், வேறு முறை. விடையை மாற்றக் கூடாத ஒன்றை மாற்றியும் விடை மாறினால், பிழை அங்கே ஒளிந்திருக்கிறது.

ஊசலில் இதைக் கண்ணெதிரே காணலாம். 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள குண்டின் ஆரத்தைச் சேர்க்க மறந்து, நூலின் நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் நீளம் 99 சென்டிமீட்டராகிவிடும், விடை 9.68. நேரத்தை எத்தனை முறை அளந்தாலும் இந்தக் குறை வெளிப்படாது. ஆனால் 30 சென்டிமீட்டர் முதல் 120 சென்டிமீட்டர் வரை ஏழெட்டு நீளங்களுக்கு அளந்து, அலைவு நேரத்தின் இருமடியைக் கிடை அச்சிலும் நீளத்தைக் குத்து அச்சிலும் குறித்து வரைபடம் வரைந்தால், நேர்கோடு ஆதிப்புள்ளி வழியே செல்லாமல், குத்து அச்சை 1 சென்டிமீட்டர் கீழே வெட்டும். மறந்துபோன ஆரம் அங்கே தெரிகிறது. அதைவிட முக்கியமாக, கோட்டின் சாய்வு அந்தத் தவறால் சிறிதும் மாறாது, சாய்வை 39.48 (அதாவது 4π²) ஆல் பெருக்கினால் முடுக்கம் சரியாகவே வரும். வரைபடத்தை மதிப்பெண்ணுக்காக வரையும் அழகுப் படமாகக் கருதும் மாணவர்களுக்கு இதை ஒருமுறை செய்து காட்டினால், வரைபடத்தின் மீது அவர்களுக்கு உண்மையான மதிப்பு பிறக்கிறது.

வீச்சும், அதாவது குண்டைப் பக்கவாட்டில் இழுத்துவிடும் கோணமும், அப்படிப்பட்ட ஒன்று. சிறிய கோணத்துக்கு மட்டுமே நம் சமன்பாடு பொருந்தும் என்று எல்லோரும் எழுதுகிறோம். சிறியது என்பது எவ்வளவு? 10 டிகிரியில் அலைவு நேரம் 0.19 விழுக்காடு கூடுகிறது. மேலே கண்ட 0.27 விழுக்காட்டு நிச்சயமின்மையோடு ஒப்பிட்டால், விடையில் ஏற்படும் 0.38 விழுக்காட்டுக் குறைவு புறக்கணிக்கத்தக்கது அன்று. 30 டிகிரியில் இழுத்துவிட்டால் விடை 9.45 ஆகிவிடும். 5 டிகிரிக்குள் நிறுத்திக்கொண்டால் கவலையில்லை.

கருவிகளைச் சோதிக்கும் வழி எளிது: விடை உறுதியாகத் தெரிந்த ஒன்றை அவற்றைக் கொண்டு அளக்க வேண்டும். மெல்லிய பொருள்களின் தடிமனை அளக்கும் திருகு அளவியின் முகங்களை ஒன்றோடொன்று சேர்த்துச் சுழிப்பிழையைக் குறித்துக்கொள்வதும், வெப்பமானியை உருகும் பனிக்கட்டியில் வைத்துச் சுழி காட்டுகிறதா என்று பார்ப்பதும் இவ்வகை. கொதிநீரில் சோதிக்கும்போது மட்டும் இடத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும். ஊட்டியில் நீர் 100 டிகிரிக்கு ஏறத்தாழ 7 டிகிரி குறைவாகவே கொதிக்கும், அதற்காக வெப்பமானியைக் குறை சொல்லக் கூடாது.

வெளியிலிருந்து எடுத்துப் பயன்படுத்தும் எண்களிலும் முறையான பிழை நுழையும். இயற்பியலாளர் மில்லிகன் தம் எண்ணெய்த் துளிச் சோதனையின் முடிவாக 1913-இல் வெளியிட்ட எலக்ட்ரான் மின்னூட்டம், இன்றைய அலகில் 10-இன் அடுக்கு −19-ஐ 1.592 ஆல் பெருக்கிய கூலும். அவர் குறிப்பிட்ட நிச்சயமின்மை ஏறத்தாழ 0.2 விழுக்காடு. இன்று ஏற்கப்பட்டுள்ள மதிப்பு 1.602, வேறுபாடு 0.6 விழுக்காடு. துளிகளை அவர் கவனக்குறைவாக அளக்கவில்லை. கணக்கில் பயன்படுத்திய காற்றின் பாகியல் எண் (தன்னுள் நகரும் பொருளைக் காற்று தடுக்கும் தன்மையின் அளவு) சற்றே குறைவாக இருந்தது. உங்கள் கணக்கில் வரும் ஒவ்வொரு மாறிலியையும் எங்கிருந்து எடுத்தீர்கள், அது எந்த வெப்பநிலைக்கு உரியது என்பதைக் குறித்துவைப்பது இதனால்தான்.

உழைப்பை எங்கே செலவிடுவது

ஒரு கம்பியின் யங் குணகத்தை அளக்கும்போது, இரண்டு மீட்டர் நீளக் கம்பியை ஒரு மில்லிமீட்டர் சுத்தமாக அளக்க மாணவர்கள் பத்து நிமிடம் செலவிடுவார்கள். விட்டத்தை ஒரே இடத்தில் ஒருமுறை பார்த்து எழுதிவிடுவார்கள். நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது 0.05 விழுக்காடு. விட்டம் 0.40 மில்லிமீட்டர் என்றால், திருகு அளவியின் 0.01 மில்லிமீட்டர் என்பது 2.5 விழுக்காடு, குறுக்குப் பரப்பில் விட்டத்தின் இருமடி வருவதால் 5 விழுக்காடு. நீளத்தைப் பத்து மடங்கு கவனக்குறைவாக அளந்திருந்தாலும் விடை ஏறத்தாழ மாறியிருக்காது. சோதனையைத் தொடங்குவதற்கு முன்பே, ஒவ்வோர் அளவும் விடையில் எத்தனை விழுக்காடு ஐயத்தைக் கொண்டுவருகிறது என்று தோராயமாகக் கணக்கிட்டு, மிகப் பெரிய பங்கு எதுவோ அதன் மீது முழுக் கவனத்தையும் செலுத்துங்கள். கம்பியின் விட்டத்தை ஐந்தாறு இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அளக்க வேண்டும். திருகை எப்போதும் அதன் முனைக் குமிழைப் பிடித்துச் சுழற்றி, சொடுக்கொலி கேட்டதும் நிறுத்த வேண்டும். விரலால் இறுக்கினால் மெல்லிய கம்பி நசுங்கி, விட்டம் குறைவாகத் தெரியும்.

இரண்டு விடைகள் ஒத்துப்போகாதபோது

ஒரு குழு 9.78 ± 0.03 என்றும் மற்றொரு குழு 9.68 ± 0.03 என்றும் சொன்னால், இரண்டும் ஒன்றுதானா? வேறுபாடு 0.10, இரு நிச்சயமின்மைகளையும் முன்பு போல இருமடியாக்கிச் சேர்த்தால் 0.042. வேறுபாடு அதைப் போல 2.4 மடங்கு. ஒரு மடங்குக்குள் இருந்தால் ஒத்துப்போகின்றன எனலாம். இரண்டு மடங்கைத் தாண்டினால் தற்செயல் என்று விட்டுவிடாமல் காரணம் தேட வேண்டும். இதன் மறுபக்கமும் கவனிக்கத்தக்கது. திட்ட விலக்கத்தின் அடிப்படையில் நேர்மையாகக் கூறப்பட்ட எல்லைகளில், ஏறத்தாழ மூன்றில் ஒன்று உண்மை மதிப்பைத் தொடாமல் போவதே இயல்பு. வரைபடத்தின் எல்லாப் புள்ளிகளும் கோட்டின் மீது கச்சிதமாக அமர்ந்து, ஒவ்வொரு புள்ளியின் நிச்சயமின்மையைக் காட்டும் பிழைக் கோடுகள் மட்டும் நீளமாக நின்றால், பிழையை மிகையாகச் சொல்லியிருக்கிறீர்கள் என்று பொருள்.

இத்தகைய வேறுபாட்டை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு இயற்பியலாளர் ரேலி பிரபுவின் நைட்ரஜன் அளவீடுகளைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை நான் அறியேன். 1890-களின் தொடக்கத்தில் அவர் நைட்ரஜனின் அடர்த்தியை அளந்தபோது, காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், அம்மோனியாவின் உதவியோடு பெற்ற நைட்ரஜனைவிட ஆயிரத்தில் ஒரு பங்கு கனமாக இருந்தது. வேறொருவராக இருந்தால் சராசரி எடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். அவரோ வேறுபாட்டைப் பெரிதாக்க முயன்றார். அந்த அம்மோனியா முறையில் நைட்ரஜனின் ஒரு பகுதி காற்றிலிருந்தே வந்தது. காற்றுக்குப் பதிலாகத் தூய ஆக்சிஜனைப் பயன்படுத்தியதும் வேறுபாடு இருநூறில் ஒரு பங்காக உயர்ந்தது. ஒரே கண்ணாடிக் குடுவையை நிரப்பிய வாயுவின் எடை, காற்றிலிருந்து பெற்றதற்கு 2.310 கிராம், வேதிச் சேர்மங்களிலிருந்து பெற்றதற்கு 2.299 கிராம். ஒவ்வொரு வகைக்குள்ளும் சிதறல் இந்த 11 மில்லிகிராமைவிடத் தெளிவாகக் குறைவு. அந்தக் குறைந்த சிதறல் இல்லையென்றால் வேறுபாடே கண்ணுக்குத் தெரிந்திருக்காது. 1894-இல் ரேலியும் வேதியியலாளர் ராம்சேயும் அந்தக் கூடுதல் எடைக்குக் காரணமான ஆர்கான் வாயுவைக் கண்டறிந்தார்கள்.

ஒத்துப்போகாத ஒரு தனி அளவீட்டை நீக்கலாமா என்ற கேள்வியும் இங்கேதான் எழுகிறது. நூல் தாங்கியில் உரசியது, யாரோ மேசையை இடித்தார்கள் என்பது போன்ற காரணம் அளக்கும்போதே குறிக்கப்பட்டிருந்தால் நீக்கலாம். மற்ற மதிப்புகளோடு சேரவில்லை என்பது மட்டுமே காரணமானால் நீக்கக் கூடாது. மேலும் சில முறை அளந்து பார்க்க வேண்டும்.

குறிப்பேட்டில் எழுதும் முறை

என் பள்ளி நாட்களில் ஒருமுறை எனக்கும் என் இணைக்கும் ஊசல் சோதனையில் 10.8 என்று வந்தது. ஐந்து முறையும் அதே விடைதான். பதிவேட்டில் கையெழுத்து வாங்க வேண்டிய அவசரத்தில், ரப்பரால் அழித்து, 9.8 வரும்படி நேரங்களைப் பின்னோக்கிக் கணக்கிட்டு எழுதிக் கொடுத்தோம். பல ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு மாணவி குண்டை விட்ட கணத்தில் ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கியதைக் கேட்டபோதுதான் காரணம் விளங்கியது. தொடக்கக் கணத்தில் ‘சுழி’ என்று எண்ண வேண்டும்; ‘ஒன்று’ என்று தொடங்கினால் ‘இருபது’ என்னும்போது முடிந்திருப்பது 19 அலைவுகளே. 38.18 நொடியை 20-ஆல் வகுத்தால் 10.8 வந்தே தீரும். அன்று நாங்கள் அழித்தது தவறான விடையை மட்டும் அன்று. தவறு எங்கே என்று காட்டக்கூடிய ஒரே தடயத்தையும் சேர்த்தே அழித்துவிட்டோம். வகுப்பில் முப்பது குழுக்களும் 9.8 என்றே எழுதிக் கொடுத்தால் ஆசிரியர்கள் மகிழ வேண்டியதில்லை. அளவீடுகளில் இருக்க வேண்டிய சிதறல் எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும். 9.6 என்று வந்ததை 9.6 என்றே எழுதி, காரணத்தைத் தேடிய மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுக்கும் நாள் வர வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

நேர்மையான மாணவரையும் முந்தைய எண் இழுத்துவிடும். தரம் பார்த்தலில் (ஒரு கரைசலின் செறிவை, அதனோடு வினைபுரியும் மற்றொரு கரைசலின் அளவைக் கொண்டு அறியும் சோதனை) முதல் முறை 10.2 மில்லிலிட்டர் என்று வந்தால், இரண்டாம் முறை பியூரெட் என்னும் அளவுக்குழாயைப் படிக்கும்போது கண் 10.2-ஐயே தேடும். ஆகவே ஒருவர் படிக்க, மற்றவர் எழுதட்டும். படிப்பவருக்கு முந்தைய எண்கள் தெரியாதபடி தாளை மூடிவையுங்கள். விடையைக் கணக்கிடுவதை எல்லா அளவீடுகளும் முடியும் வரை தள்ளிப்போடுங்கள்.

குறிப்பேட்டில் பேனாவால் எழுதுங்கள். தவறாக எழுதியதை, கீழே உள்ள எண் படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். சராசரியை மட்டும் எழுதாமல் ஒவ்வோர் அளவீட்டையும் எடுத்த வரிசையிலேயே பதிவு செய்யுங்கள். மெல்ல ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ போகும் எண்கள், நூல் நீள்வதையோ தாங்கி தளர்வதையோ காட்டிக்கொடுக்கும். கருவியின் எண், சுழிப்பிழை, அறை வெப்பநிலை, வீச்சின் கோணம் ஆகியவற்றை மேலே குறித்துவிட்டு, விடையை எழுதும்போது அதன் ± எல்லையையும் அலகையும், அந்த எல்லையில் எந்தெந்தப் பிழைகளைச் சேர்த்திருக்கிறீர்கள் என்பதையும் ஒரே வரியில் எழுதுங்கள்: “9.78 ± 0.03 மீட்டர்/நொடி², நீள அளவீடும் நேரச் சிதறலும் சேர்க்கப்பட்டுள்ளன, வீச்சு 5 டிகிரிக்குள், காற்றுத் தடைக்குத் திருத்தம் செய்யப்படவில்லை.”